ரேடியோவில் வாசித்த சிங்கி இறால்

பெர்த்,
1970 ஜூன் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அன்புத் தங்கை எட்னாவுக்கு,

அண்ணன் கிளாரி எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் கால்சட்டை இல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இடுப்பில் சுற்றியிருப்பது விடுதிக்காரம்மா மிஸஸ் ட்ரெலோருடைய பூப்போட்ட மேசை விரிப்பு. அப்பாவின் அடக்கத்துக்குத் தைத்த அந்தக் கறுப்புக் கால்சட்டை, என்னிடம் இருந்த ஒரே நல்லது, இன்று மத்தியானம் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்கப் பின்பக்கம் கிழிந்துவிட்டது. அந்த அம்மாள் தைத்துத் தருகிறேன் என்று கீழே எடுத்துப்போயிருக்கிறாள். "இப்படிப் பின்னாடி காத்து வாங்கிக்கிட்டா கம்பெனியக் கேள்வி கேட்டீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவள் ஒருத்திதான் கெட்ட எண்ணம் இல்லாமல் சிரித்தவள்.

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலே வரி. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. ஓடையோரத்து மேய்ச்சல் நிலத்தை வாங்கியவர் வேலி போட ஆரம்பித்துவிட்டார் என்று ஒரு வரி. பங்குப் பத்திரத்தை ஆர்ச்சி கழிப்பறையில் துடைக்கிற காகிதம் மாட்டும் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார் என்று ஒரு வரி. ஆடு உரோமம் வெட்ட வருகிறவர்களுக்குச் சமைக்க ஆள் வைக்க வழியில்லை என்று ஒரு வரி. கடைசி வரி: "ஆர்ச்சி கேட்கச் சொன்னார், நானும் கேட்கிறேன், உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஆர்ச்சி மாப்பிள்ளை மட்டும் கேட்டிருந்தால் அவருடைய தொப்பியைப் பற்றி ஒரு கேலி எழுதி ஒப்பேற்றியிருப்பேன். 'நானும் கேட்கிறேன்' என்று எழுதிவிட்டாயே, அதற்குத்தான் இத்தனை நாள் பதில் வரவில்லை. எழுதினேன், கிழித்தேன். இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று ஆகிவிட்டது. ஏன் என்று வருகிறேன்.

ரேடியோ விஷயத்தை உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. உங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு போன். நான் சமையல் பார்த்த மல்கரின் கேம்ப்பில், விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கிற பறக்கும் டாக்டருடைய ரேடியோ ஒன்றுதான். காலையில் முதலில் நோயாளிகள், அப்புறம் தந்தி, அப்புறம் கடைச் சாமான் பட்டியல், கடைசியில் பண்ணை வீட்டுப் பெண்களின் வம்பு. ஒருவர் பேசினால் ஐநூறு மைல் சுற்றளவில் இருக்கிற எல்லோரும் கேட்கலாம். எல்லோரும் கேட்பார்கள். யாருக்கு மூலம், யார் மாமியாருக்குப் பல் கட்டினார்கள் என்பதெல்லாம் அங்கே ரகசியம் கிடையாது.

நிக்கல் தேடித் துளை போட ஆரம்பித்ததும் கம்பெனிச் சேர்மன் பெல்ஷா ஒரு உத்தரவு போட்டார். கேம்ப்பை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது. கடிதத்தை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். ரேடியோவில் பாறையைப் பற்றி ஒரு சொல் வந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசலாம், ஏனென்றால் சாமான் வந்தாக வேண்டும்.

ஆகவே சனங்கள் சாப்பாட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் பீர் இரண்டு பெட்டி கூடக் கேட்டால் துளையில் ஏதோ பளபளக்கிறது என்று அர்த்தம். வெறும் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் என்றால் கல்கூர்லிப் பங்குத் தரகர் வாசலில் விற்க ஆள் நிற்கும். நாலாம் வகுப்போடு நின்ற நான் வெங்காயத்தை வைத்துப் பங்குச் சந்தையை ஆட்டினேன் எட்னா. எனக்கு அது பெரிய வேடிக்கை. ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு ஜாம் வேண்டாம் என்று சொன்னேன். அன்று சாயங்காலமே மூன்று பண்ணைகளில் இருந்து கூப்பிட்டு, "என்ன கிளாரி, ஜாமைக்கூட நிறுத்திட்டாங்களா, அவ்வளவு மோசமா?" என்று விசாரித்தார்கள். தினமும் என்னோடு வம்பளக்கிற நோரா க்வின் என்று ஒரு அம்மாள், லியோனோரா ஊருக்கு அந்தப் பக்கம் பண்ணை, முகம் பார்த்ததில்லை, "உன் குரல்ல இருக்கிற தெம்ப வச்சே நான் பங்கு விலைய சொல்லிடுவேன்" என்பாள். நான் இன்னும் தெம்பாகப் பேசுவேன்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை பெல்ஷா விமானத்தில் வந்தார். சமையல் கூடாரத்துக்கு நேராக வந்து என் தோளில் கை போட்டார். அதுவரை என் பெயர் அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. "கிளாரி, பசங்க நல்லா உழைச்சிருக்காங்க. ஒரு விருந்து வச்சிடுவோம். சிங்கி இறால் முப்பது, ஷாம்பெயின் ரெண்டு பெட்டி. நாளைக்குக் காலைல ரேடியோல நீயே வாசி. நீ வாசிச்சாத்தான் அழகு" என்றார். நீ வாசித்தால்தான் அழகு என்றதும் நான் குளிர்ந்துபோய்விட்டேன். அன்றைக்கு மத்தியானமே அவர் திரும்பிப் பறந்துவிட்டார்.

வியாழக்கிழமை வாசித்தேன். கடைக்கார ஜுரிச்சைக் கூப்பிட்டு, முதலில் மாவு, உப்பு, சவர்க்காரம் என்று இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம்… சிங்கி இறால் முப்பது" என்றேன். ரேடியோவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஐநூறு மைலும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஷாம்பெயினை அதற்கப்புறம்தான் விட்டேன். நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆள் நான்.

அதே காலையில்தான் உன் பிறந்தநாளுக்குத் தந்தி கொடுத்தேன். "எட்னாவுக்கு வாழ்த்து. இங்கே சிங்கி இறால் சாப்பிடப் போகிறோம். மாப்பிள்ளையிடம் சொல்." அதுவும் எல்லோர் காதிலும் விழத்தான் போனது.

அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் ஆர்ச்சி கேட்கிறார். சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

சனிக்கிழமை விமானம் வந்தது. முப்பது இறாலைப் போட என் பாத்திரம் போதாதென்று துணி வெளுக்கிற செப்புக் கொப்பரையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன். இறங்கியது ஆட்டுக்கறி, வெங்காயம், மாவு, சவர்க்காரம். ஆட்கள் கொப்பரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரில் காலுறை துவைத்தார்கள். கடையில் தீர்ந்துபோயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில், பாறை படித்த பிள்ளை டங்கன், தட்டைத் தொடவில்லை. நல்ல பையன், வேளைக்கு மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுகிறவன். "அந்த லிஸ்ட்ட நெஜமாவே வாசிச்சிட்டீங்களா கிளாரி?" என்று கேட்டான். ஏன், நல்லா இல்லையா என்றேன். தட்டை நகர்த்தி வைத்தான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று சோடா உப்பைக் கலக்கிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் குடித்தான். பின்னால்தான் தெரிந்தது, துளையில் ஒன்றும் இல்லை என்று சோதனைச்சாலையில் இருந்து சேதி வந்து அன்றைக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் பெல்ஷாவும். நான் அவனுக்கு சோடா உப்புக் கொடுத்தேன்.

அதற்குள் நீங்கள் ஓடையோரத்து நிலத்தை விலை பேசி, அந்தப் பணத்தை நம்பிப் பங்கு வாங்கியிருந்தீர்கள்.

மே மாதம் சேதி வெளியே வந்து பங்கு கிணற்றில் விழுந்தது. கேம்ப்பைப் பிரித்தார்கள். கல்கூர்லியில் ஜுரிச் கடைக்குப் போய், வழக்கம்போல் வம்புக்கு இழுத்தேன், எனக்கு முப்பது இறால் பாக்கி என்று. அவன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தான். "நீ வாசிக்கிறதுக்கு மொத நாளே பெல்ஷா போன் பண்ணிட்டாருய்யா. 'நாளைக்கு என் சமையக்காரன் ஒரு லிஸ்ட் வாசிப்பான். இறாலும் ஷாம்பெயினும் சரி சரின்னு கேட்டுக்க. அனுப்பாத'ன்னாரு. நான் என்னவோ பணத்தட்டுப்பாடுன்னு நெனச்சேன்" என்றான்.

இதைப் பெர்த்துக்கு வந்து கூட்டத்தில் சொல்கிறாயா என்று கேட்டேன். சர்க்கரை நிறுத்துக்கொண்டே இருந்தான். "எனக்கு நாலு கேம்ப்புக்குச் சாமான் போகுது. நாலுலயும் அந்தாளுக்குப் பங்கு. என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றான். கேட்டிருக்கக் கூடாது. போகும்போது ஒரு பொட்டலம் உலர்திராட்சை கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்குக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். எனக்கும் கொஞ்சம் பங்கு இருப்பதால் உள்ளே விட்டார்கள். காலையில் பிரிமேண்டில் துறைக்குப் போய் உயிரோடு ஒரு சிங்கி இறால் வாங்கினேன். அதைக் கொண்டுபோய் பெல்ஷாவின் மேசைமேல் வைத்து, இதோ ஒன்று, மீதி இருபத்தொன்பது எங்கே என்று கேட்கலாம் என்று ஒரு யோசனை. பிறகு என் வயது நினைவுக்கு வந்து, ஈரச்சாக்கில் சுற்றி அறையில் முகம் கழுவுகிற தொட்டியில் போட்டுவிட்டுப் போனேன். இப்போதும் அதற்குள் பரண்டிக்கொண்டிருக்கிறது.

மண்டபம் நிறைந்து போய்ச் சுவரோரமெல்லாம் ஆட்கள். தரகர்களுக்குச் சவரம் செய்கிற ஒரு நாவிதர் முதலில் எழுந்தார். "சேர்மன் சார், மார்ச் மாசம் அந்த இறால் வாரத்துல நாப்பதாயிரம் பங்கு வித்தது உங்க மாமியாரா இல்லையா?" என்று கேட்டார். அந்த அம்மாளுக்கு எண்பத்தொன்று வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், கிழமைகூடத் தெரியாது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பெல்ஷாவுக்கு முகம் மாறவில்லை. "வயசானவங்களோட சொந்த விஷயத்த சபைல இழுக்கிறது நாகரிகமில்ல. அந்த வாரம் நானே என் பேர்ல ஆயிரம் பங்கு வாங்கினேன், அதையும் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள், எட்னா. கைதட்டினார்கள்.

அப்போதுதான் நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில்தான் கால்சட்டை போனது. சத்தம் நன்றாகக் கேட்டது. தொப்பியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் மல்கரின் கேம்ப்பு சமையக்காரன்…" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"யோவ், இந்தக் குரல்யா!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "இறால்காரன்! இவன்தான்யா வாசிச்சவன்!"

எல்லோரும் திரும்பினார்கள். என் முகத்தை ஒருவருக்கும் தெரியாது, குரல் அத்தனை பேருக்கும் தெரியும். "எவ்வளவு குடுத்தான் உனக்கு?" "ஷாம்பெயின் நல்லா இருந்துச்சா?" "தங்கச்சிக்குத் தந்தி அடிச்சியே, எங்களுக்கு ஒண்ணு அடிச்சிருக்கக் கூடாதா?" நான் ஜுரிச் சொன்னதைச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை.

பெல்ஷா கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். "நம்ம சமையக்காரர் எதையுமே மறைக்கத் தெரியாதவர்னு இப்ப எல்லாரும் பாத்துட்டோம்" என்றார். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் மெதுவான குரலில், "நான் கேட்டது பசங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அத இவரு எப்படி வாசிச்சாரு, யாருக்காக வாசிச்சாரு, எனக்குத் தெரியாது. அதே வாரம் இவரோட தங்கச்சி வீட்டுக்காரர் வாங்கியிருக்கார்னு கேள்விப்பட்டேன். கம்பெனி ஒரு வக்கீல வச்சு இத விசாரிக்கும்" என்றார். எவ்வளவு நயமாகச் செய்தார் என்று கூடப் பிறந்தவளிடம்தான் சொல்ல முடியும். நான் ரொட்டியை இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை.

பக்கவாட்டில் நடந்து, சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் ஒரு அம்மாள் நின்றாள். மெலிந்த உருவம், வெயிலில் காய்ந்த கை. "கிளாரி தானே? நான் நோரா" என்றாள். எத்தனையோ காலையில் பேசிச் சிரித்தவள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கை நீட்டினேன், தொப்பி நழுவப் பார்த்தது, கையை இழுத்துக்கொண்டேன். "நீ ஒசரமா இருப்பேன்னு நெனச்சேன்" என்றாள். நானும்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நாங்க பெல்ஷாவ நம்பி வாங்கல. அந்தாள எவன் நம்புவான். நீ சொன்னேன்னு வாங்கினோம்." கைப்பையை மாட்டிக்கொண்டாள். "இனிமே எந்தக் கேம்ப்புக்குப் போனாலும் காலைல ரேடியோல பேசாத கிளாரி. உன் குரல் வந்தா வீட்டுக்காரர் எழுந்து வெளிய போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

தெரியாது எட்னா. துளையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பாறையை எனக்குக் காட்டியதுகூட இல்லை. ஆனால் தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டேன். 'மாப்பிள்ளையிடம் சொல்' என்று கொடுத்தபோது கண்ணடித்துத்தான் கொடுத்தேன். பெரிய பணக்காரர் தோளில் கை போட்டதும் நானும் உள்ளே இருக்கிறவன் என்று நினைத்துவிட்டேன். என்னுடைய பங்கை நான் விற்கவில்லை. இறாலுக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். தான் வாசித்த பட்டியலைத் தானே நம்பி வாங்கிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். ஆர்ச்சியிடம் இதைச் சொல். சிரிக்க மாட்டார், இருந்தாலும் சொல்.

இப்போது அவசரமான விஷயம். அந்த வக்கீல் கட்டானிங்குக்கு உங்களைத் தேடி வருவான். நீங்கள் மலிவில் வாங்கி உச்சத்தில் விற்று லாபம் பார்த்தீர்கள், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று ஆக்கிவிட்டால், எல்லோருடைய கோபத்துக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடும், பெல்ஷா வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நீங்கள் ஒரு பங்குகூட விற்கவில்லை என்பதற்குச் சாட்சி அந்தப் பத்திரம்தான். ஆகவே இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் கொல்லைக்குப் போய் அதை ஆணியிலிருந்து கழற்றி எடு. மாப்பிள்ளை இதற்குள் அவசரப்பட்டு ஒரு மூலையைக் கிழித்திருந்தாலும் பரவாயில்லை, பெயரும் முத்திரையும் இருந்தால் போதும். அலமாரியில் அம்மாவின் நல்ல விரிப்புக்கு அடியில் வை. எனக்காகச் செய்யப் பிடிக்காவிட்டால் உங்கள் பெயருக்காகச் செய்யுங்கள்.

இன்னொன்று. செப்டம்பரில் உரோமம் வெட்ட ஆட்கள் வரும்போது நான் வந்து சமைக்கிறேன். கூலி வேண்டாம், கொட்டகையில் ஒரு கட்டில் போதும். நிலத்தை என்னால் திருப்பித் தர முடியாது. அந்த வேலியைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்க முடியும். ஆர்ச்சி என்னோடு பேச வேண்டியதில்லை. உப்பு வேண்டுமென்றால் மேசையைத் தட்டினால் போதும், நகர்த்தி வைக்கிறேன். நானும் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கேலிகூட வராது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

வரலாம் என்றால் ஒரு வரி எழுது. நாலு வரி வேண்டாம், ஒன்று போதும். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, மழை நன்றாகப் பெய்து உங்கள் ஆடுகள் குட்டி போட்டுப் பெருகட்டும். உன் கை வலிக்கு இரவில் சூடான உப்புப் பை வைத்துக்கொள். பிள்ளைகளிடம் மாமா கேட்டதாகச் சொல்ல முடிந்தால் சொல்.

உன் அண்ணன்,
கிளாரி

பின்குறிப்பு: உறை தேடத் திரும்பினேன். தொட்டியில் சாக்கு மட்டும் இருக்கிறது. இறால் மிஸஸ் ட்ரெலோருடைய பெரிய அலமாரிக்கு அடியில் போயிருக்கிறது, மீசை மட்டும் தெரிகிறது. குனிந்து துழாவியதில் மேசை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. இழுத்தால் பூ வேலை கிழியும். விரிப்பை அதனிடமே விட்டுவிட்டு நாற்காலிக்கு வந்துவிட்டேன். கதவு தட்டுகிறார்கள். கால்சட்டை தயாராம்.